உடையவன் யார்?

"உடையவன் பாரா வேலை ஒரு முழம் கட்டை" என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். நடவுக் காலத்திலும் கரும்பு வெட்டும் காலத்திலும் சேத்தியாத்தோப்பைச் சுற்றியுள்ள கிராமங்களில் இந்தப் பழமொழி அடிக்கடி காதில் விழும். பட்டணத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டு, நிலத்தை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு, அறுவடைக்கு அறுவடை வந்து போகிறவர்களைப் பற்றிப் பெரியவர்கள் இப்படிச் சொல்வார்கள். சொந்தக்காரன் கண் படாத வேலையில் ஒரு முழம் குறையும் என்பது பொருள். அனுபவத்தில் பிறந்த வாக்கு. பொய் என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் பழமொழிகளுக்கு ஒரு குணம் உண்டு. பாதி உண்மையை உரக்கச் சொல்லிவிட்டு, மீதியை நாமே தேடிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடும். உடையவன் பார்க்காவிட்டால் வேலை கெடும் என்கிறது இந்தப் பழமொழி. சரி. உடையவன் பார்க்காமலே, வேறொருவன் இரவும் பகலும் பார்த்துப் பார்த்து, ஒரு விரற்கடை கூடக் குறையாமல் ஒரு பொருளைக் காப்பாற்றி வைத்திருக்கிறானே, அவன் யார்? அவனுக்கும் அந்தப் பொருளுக்கும் என்ன உறவு? கூலி வாங்கிக்கொண்டான், கணக்குத் தீர்ந்தது என்று சொன்னால் போதுமா?

இந்தக் கேள்வி சில மாதங்களாக என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதற்குக் காரணம் ஒரு படகு. அந்தப் படகை நான் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் கடலும் இல்லை. அணைக்கட்டைத் தாண்டி ஓடும் வெள்ளாறுதான் கிழக்கே பரங்கிப்பேட்டையில் போய்க் கடலைத் தொடுகிறது. அந்த ஆற்றுக்கரையில் பம்பு செட் ரிப்பேர் செய்து பிழைத்த ஒரு மனிதரின் மகன், ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்து, சரக்குக் கப்பலில் சில வருஷம் வேலை பார்த்து, பிறகு ஒரு வெளிநாட்டுச் செல்வரின் உல்லாசப் படகில் இன்ஜின் பார்க்கும் ஆளாகச் சேர்ந்தான். ஆறு வருஷம் அந்தப் படகிலேயே குடியிருந்தான். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் என்னைப் பார்க்க வருவான். அவன் வாயிலாகத்தான் எனக்கு அந்தப் படகு தெரியும்.

மோட்டார் யாட் என்று அதற்குப் பெயர். படகு என்று சொன்னால் நம் மனத்தில் பிச்சாவரத்துத் தோணி வந்து நிற்கும். இது அப்படியல்ல. படுக்கை அறைகள், சமையல் அறை, குளிக்கும் அறை, குளிர்சாதனம், மின்சாரம் எடுக்கத் தனி ஜெனரேட்டர், கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம், இவ்வளவும் உள்ளே அடங்கிய மிதக்கும் வீடு. கோடை காலத்தில் மத்தியதரைக் கடலில் பிரான்ஸ் தேசத்து ஆன்டீப் துறைமுகத்தில் நிற்கும். குளிர் வந்தால் அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து கரீபியன் தீவுகளுக்குப் போய்விடும். பறவைகள் வலசை போவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு பெரிய வீட்டில் சொந்தக்காரர் தங்குவது வருஷத்தில் ஐந்து வாரமோ ஆறு வாரமோதான். மீதி நாளெல்லாம் அதில் வாழ்கிறவர்கள் சிப்பந்திகள். அவர்கள் சும்மா வாழ்வதில்லை. ஆளில்லாத வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் தூசி படியும், அவ்வளவுதான். ஆளில்லாத படகைப் பூட்டிவிட்டுப் போனால் அது மெல்ல மெல்லக் கடலுக்குள் போகப் பார்க்கும்.

"தண்ணி உள்ள வராத படகே கிடையாது அண்ணே" என்பான் அவன். "விசிறியைச் சுத்துற தண்டு படகோட உடம்பைத் துளைச்சுக்கிட்டு வெளிய போகுது இல்லியா, அந்த இடத்தில சொட்டுச் சொட்டாத் தண்ணி வரும். எங்க படகுல கயித்து பேக்கிங். அதுல சொட்டுறதுதான் சரி. ஒரேயடியா இறுக்கி நிறுத்திட்டா தண்டு சூடேறித் தேஞ்சிடும். சொட்டவும் விடணும், சொட்டுற தண்ணிய எறைச்சிக்கிட்டும் இருக்கணும்."

இறைப்பதற்குப் படகின் அடிவயிற்றில் ஒரு பம்பு. நீர் ஏறினால் மிதவை மேலே எழுந்து, சுவிட்சைத் தட்டி, பம்பைத் தானே ஓடவிடும். அந்த மிதவையில் ஒரு துண்டுத் துணி சிக்கிக்கொண்டால் போதும். ஆகையால் தினம் காலையில் அவன் குப்புறப் படுத்து அந்த மிதவையைக் கையால் தூக்கிப் பார்ப்பான். இன்ஜினைக் குளிர வைக்கக் கடல்நீரை இழுக்கும் பம்பில் ரப்பர் இதழ்கள் உள்ள இம்பெல்லர் ஒன்று உண்டு. அது பிய்ந்தால் சில நிமிஷங்களில் இன்ஜின் கொதித்துவிடும். டீசல் தொட்டியின் அடியில் நீர் தங்கினால் டீசலும் நீரும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் பெருகி, வழவழவென்று ஒரு கசடு உண்டாகி வடிகட்டியை அடைக்கும். அதைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வடித்துப் பார்க்க வேண்டும். படகின் அடியில் பாசியும் சிறு சிப்பிகளும் ஒட்டி வேகத்தைக் குறைக்கும். அவ்வப்போது படகைக் கரையேற்றிச் சுரண்டி வர்ணம் பூச வேண்டும். இத்தனையும் செய்து முடித்தபோது புதிதாக ஏதாவது உண்டாகியிருக்குமா என்றால், ஒன்றும் இராது. நேற்று எப்படி இருந்ததோ அப்படியே இன்றும் இருக்கும். அதுதான் அந்த உழைப்பின் வெற்றி.

இதில்தான் விஷயம் இருக்கிறது. கட்டுகிறவன் தன் வேலையைக் கண்ணால் காட்டலாம். பேணுகிறவன் எதைக் காட்டுவான்? முழுகாத படகைக் காட்டி, "பாருங்கள், இது முழுகவில்லை" என்றா சொல்ல முடியும்? அவனுடைய வேலை நன்றாக நடந்தால் அவன் இருப்பதே பிறருக்குத் தெரியாது. தவறினால்தான் அவன் பெயரைக் கேட்பார்கள்.

படகில் வாழ்கிறவர்கள் எல்லாருமே இப்படிச் சிப்பந்திகளை வைத்துக்கொண்ட செல்வர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. இன்னொரு வகை உண்டு. ராபர்ட் பீப் என்ற அமெரிக்கக் கடற்படைக் காப்டன் தாமே திட்டமிட்டு, ஐம்பது அடி நீளத்தில் ஒரு மோட்டார் படகைச் சிங்கப்பூரில் கட்டச் சொன்னார். 1963-ல் அது தன் சொந்த டீசல் இன்ஜினின் பலத்தில் சமுத்திரம் கடந்து கிரேக்க நாட்டுக்குப் போயிற்று. சிறிய மோட்டார் படகிலும் சில பேராகச் சேர்ந்து பெருங்கடல் தாண்டலாம் என்பதற்கு அது நல்ல சாட்சியாயிற்று. அதற்குப் பின் எத்தனையோ தம்பதிகள், வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வீட்டை விற்று, படகே வீடாகத் தேசம் தேசமாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். கணவன் இன்ஜினுக்குள் தலையை விட்டிருப்பான். மனைவி கையில் விளக்கைப் பிடித்திருப்பாள். சில படகுகளில் இது தலைகீழாகவும் இருக்கும். படகு வாழ்க்கை என்றால் அழகான ஊர்களில் போய் ரிப்பேர் செய்வதுதான் என்று அவர்களே தங்களைக் கேலி செய்துகொள்வார்களாம்.

ஆன்டீப் துறையில் எங்கள் ஊர்ப் பிள்ளையின் படகுக்கு அடுத்தாற்போல் ஒரு குளிர்காலம் முழுவதும் அப்படியொரு வயதான தம்பதி இருந்தார்கள். அவர்களுடைய பம்பு கெட்டபோது இவன் போய்ச் சரி செய்து கொடுத்திருக்கிறான். "அவங்களுக்கும் எனக்கும் ஒரே வேலைதான் அண்ணே. ராத்திரி சத்தம் மாறினா அவங்களும் முழிச்சிக்குவாங்க, நானும் முழிச்சிக்குவேன். ஆனா அவங்க எழுந்து பாக்கறது அவங்க படகை" என்று சொல்லி நிறுத்திக்கொண்டான்.

அந்த வாக்கியத்தை அவன் முடிக்கவில்லை. முடிக்கவும் வேண்டியதில்லை. அந்தக் கிழத் தம்பதியிடம் உடைமையும் பேணலும் ஒரே உடம்பில் இருக்கின்றன. எங்கள் ஊர்ப் பிள்ளையின் படகில் அவை இரண்டாகப் பிரிந்துபோயின. உடைமை ஒருவரிடம், பேணல் இன்னொருவரிடம். இதில் அநியாயம் ஏதும் நடந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. செல்வர் சம்பளத்தைக் குறைக்கவில்லை. மரியாதைக் குறைவாக நடத்தவும் இல்லை. உலகத்தில் எல்லாப் பெரிய பொருள்களும் இந்தப் பிரிவினையின் மேல்தான் நிற்கின்றன.

தமிழர்களுக்கு இது புதிதும் அல்ல. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் வேப்ப மரத்தில் கட்டிய 89 அடிப் பாய்க்கப்பல் ஒன்று இருந்தது. அன்னபூரணி என்று பெயர். வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர், 1928 முதல் 1931 வரை சிறு பாய்ப்படகில் உலகத்தைச் சுற்றி வந்தவர், அதை விலைக்கு வாங்கினார். தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளை உள்ளிட்ட ஐந்து தமிழ் மாலுமிகள் அந்தக் கப்பலில் போனார்கள். சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், பெர்மூடா என்று பல கடல்களைக் கடந்து, 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அதற்குள் கப்பலின் பெயர் மாறிவிட்டது. ராபின்சன் தம் மனைவியின் பெயரை வைத்திருந்தார். விலை கொடுத்தவருக்குப் பெயர் வைக்கும் உரிமை உண்டு. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அட்லாண்டிக்கின் அலைகளுக்கு நடுவே பாய் கிழிந்தால் தைக்க வேண்டியவர்கள், பலகை இடுக்கில் நீர் கசிந்தால் இறைக்க வேண்டியவர்கள், மனத்துக்குள் அதை எந்தப் பெயரால் அழைத்திருப்பார்கள்? பிறந்த வீட்டுப் பெயரை அவ்வளவு சுலபமாக மறந்திருப்பார்களா?

கடலை விட்டு எங்கள் ஊருக்கே வருகிறேன். எங்களைச் சுற்றிலும் இறைத்துக்கொண்டே இருக்கும் பம்புகள்தான். வடக்கே நெய்வேலி. அங்கே பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தில் கிடக்கிறது பெரிய நீர்ப்படுகை. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை அது மேல்நோக்கி முட்டுகிறது. இறைப்பதை நிறுத்தினால் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு நீர் உள்ளே வந்துவிடும். 1957-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். அது எல்லோருக்கும் தெரியும். 1961-ல் நிலக்கரி எடுக்கத் தொடங்கிய காலத்திலிருந்து, தீபாவளி என்றும் பொங்கல் என்றும் பாராமல், முறை வைத்து அந்தப் பம்புகளைக் காத்து வருகிறவர்களின் பெயர் யாருக்குத் தெரியும்? நெய்வேலி ஒரு பெரிய படகு. அதன் அடிவயிற்றிலும் ஒருவன் தினம் மிதவையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான்.

தெற்கே வீராணம். ஆடிப் பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரையில் வந்து பார்த்து மயங்கினானே, அதே ஏரி. முதற் பராந்தக சோழனுக்கு வீரநாராயணன் என்று ஒரு பட்டம் உண்டு. அதைத்தான் ஏரி சுமந்துகொண்டிருக்கிறது. அவன் மகன் ராஜாதித்தன் வெட்டுவித்தான் என்று சொல்லப்படுகிறது. 2004 முதல் இந்த ஏரியின் நீரைச் சேத்தியாத்தோப்பிலிருந்து இறைத்து, வடக்குத்தில் சுத்தப்படுத்தி, இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் குழாயில் அனுப்புகிறார்கள். சென்னைவாசி குடிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு எங்கள் ஊர்ப் பம்பு தள்ளி விட்டது.

ஏரி வெட்டியவன் பெயர் ஆயிரம் வருஷம் நின்றுவிட்டது. ஆனால் வெட்டிய அன்றிலிருந்தே வண்டல் படியத் தொடங்கிவிடும்; கரை கரையத் தொடங்கிவிடும். யாரோ வருஷந்தோறும் வண்டல் வாரி, கரை கட்டி, மதகைச் சீர் செய்திராவிட்டால் அந்தப் பெயர் நிற்பதற்கு ஏரியே இருந்திராது.

நம் முன்னோர்கள் இதை அறியாதவர்கள் அல்லர் என்பதுதான் என்னை ஆச்சரியப்பட வைக்கிறது. காஞ்சிபுரத்துக்குத் தெற்கே உத்திரமேரூர் என்ற ஊர். அங்கே அதே பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். அந்தக் கல்வெட்டுகளில் வரும் வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். ஏரியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஊர்ச் சபை தானே ஏற்று, அதற்கென்று ஆள் தேர்ந்தெடுத்து, அதைக் கல்லிலும் எழுதி வைத்தது. பேணலுக்கு அப்போது ஒரு பதவி இருந்தது, கௌரவம் இருந்தது. பிற்காலத்தில் குடிமராமத்து என்ற வழக்கம் இருந்தது. ஏரியில் பாசனம் பெறுகிறவர்களே கூடி ஏரியைச் செப்பனிட வேண்டும். அந்த வழக்கம் தளர்ந்து போகவே, வெள்ளைக்காரர்கள் 1858-ல் சட்டம் போட்டு மிரட்டிப் பார்த்தார்கள். சட்டத்துக்கு ஆள் வந்தது, மனம் வரவில்லை. ஊர் ஏரி சர்க்கார் ஏரியாகிவிட்ட பிறகு, 'நம்முடையது' என்ற நினைப்பு இல்லாமல் மண்வெட்டியை யார் விருப்பத்தோடு எடுப்பார்கள்?

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. பேணுகிறவன் மனத்தில் 'இது என்னுடையது' என்ற எண்ணம் கொஞ்சமாவது இருந்தால்தான் பேணல் நடக்கும். சம்பளம் அவனுடைய நேரத்தை வாங்கும். சத்தம் மாறினால் தூக்கத்தில் விழித்துக்கொள்ளும் அந்தக் காதைச் சம்பளம் வாங்க முடியாது. அதை அவனாகத்தான் கொடுக்க வேண்டும். அப்படியானால் உடையவன் ஒவ்வொரு நாளும் தன் சிப்பந்தியிடமிருந்து விலை கொடுக்காத ஒரு பொருளைப் பெற்றுக்கொண்டிருக்கிறான். பத்திரத்தில் அது எழுதப்படுவதில்லை.

என் வாதத்தை இங்கே மறுக்கலாம். "நல்ல சம்பளம், நல்ல சாப்பாடு, உலகம் சுற்றும் பாக்கியம். இதற்கு மேல் என்ன வேண்டும்? மனம் வைத்து உழைத்தால் அது அவனுடைய நல்ல குணம். அதற்கும் பாத்தியதை கேட்பதா?" என்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லுமுன், அந்தப் படகில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

சென்ற தடவை அவன் வந்தபோது முகம் வாடியிருந்தது. செல்வர் படகை விற்றுவிட்டார். வாங்கியவர் தம் ஆட்களையே கொண்டு வந்தார். கணக்குப் பார்த்து, பாக்கி இல்லாமல் பணம் கொடுத்து, விமானச் சீட்டும் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். வேறு படகில் அவனுக்கு வேலை கிடைக்கும். அந்தக் கவலை அவனுக்கு இல்லை.

"புது ஆளுகிட்ட எல்லாம் சொல்லிட்டு வந்தேன் அண்ணே. இடது பக்கத்து இன்ஜின் காலையில கொஞ்சம் இருமும், பயப்படாதீங்கன்னு சொன்னேன். அவர் சிரிச்சாரு. அதைச் சரியாப் பாத்துக்குவாங்களான்னு ராத்திரியில நெனப்பு வருது" என்றான். சற்றுப் பொறுத்து, "இதுக்கு நான் வருத்தப்படலாமா? அது என்னுதே இல்லியே" என்று கேட்டான்.

பேச்சை மாற்றுகிறவன் போல இன்னொன்றும் சொன்னான். படகின் அடியில், விசிறிக்கு அருகே, துத்தநாகக் கட்டிகளைப் பொருத்தி வைப்பார்களாம். உப்புநீரில் பல உலோகங்கள் சேர்ந்திருந்தால் ஒன்று அரிக்கப்படும். துத்தநாகம் இருந்தால், அரிப்பு அதைத்தான் முதலில் தாக்கும். அது கரையக் கரைய, விலை உயர்ந்த வெண்கல விசிறி முழுசாக நிற்கும். கரைந்தபின் கட்டியைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது மாட்டுவார்கள். "நாங்கல்லாம் அந்த ஜிங்க்தான் அண்ணே" என்று சிரித்தான்.

அவன் சிரித்தான், எனக்குச் சிரிப்பு வரவில்லை. துத்தநாகம் கரையும்போது விசிறியை நினைத்து வருந்துவதில்லை. கழற்றி எறிந்த பிறகு, இரவில் விழித்து, இடது பக்கத்து இன்ஜின் என்ன ஆயிற்றோ என்று கவலைப்படுவதும் இல்லை. மனிதன் கவலைப்படுகிறான். அந்தக் கவலைதான் அவன் துத்தநாகம் அல்ல என்பதற்குச் சாட்சி. நம் சமுதாயம் பேணுகிறவர்களை, கரைவதற்கென்றே மாட்டிய கட்டியாக நினைத்துப் பழகிவிட்டது. நகரத்துச் சாக்கடை அடைத்துக்கொண்டால் மனிதனை இறக்குவதைத் தடுக்க 2013-ல் சட்டம் வந்தது. வந்த பிறகும் விஷ வாயுவில் மனிதர்கள் மடிகிறார்கள். ஒரு நகரம் முழுகாமல் இருக்க இன்னொரு மனிதன் கரைய வேண்டும் என்று எந்தத் தர்ம சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது?

கடலிலும் அப்படித்தான். கடல் தொழிலாளர்களுக்காக 2006-ல் ஒரு சர்வதேச உடன்படிக்கை உருவாகி, 2013-ல் அமலுக்கு வந்தது. இந்தியா அதை 2015-ல் ஏற்றுக்கொண்டது. இருபத்து நான்கு மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும், ஏழு நாளில் 77 மணி நேரமும் ஓய்வு தர வேண்டும் என்பது அதிலுள்ள ஓர் ஏற்பாடு. ஆனால் அது வணிகத்தில் ஈடுபடும் கப்பல்களுக்கு. ஒருவர் தம் உல்லாசத்துக்காக மட்டும் வைத்திருக்கும் படகு அந்த வட்டத்துக்குள் வருவதில்லை. சரக்கைச் சுமக்கும் கப்பலில் தூங்க உரிமை உண்டு. சந்தோஷத்தைச் சுமக்கும் படகில் அது முதலாளியின் மனசைப் பொறுத்தது!

இனி, மறுப்புக்கு என் பதில். பேணுகிறவனுக்குப் பொருளில் பங்கு எழுதிக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. படகு செல்வருடையதுதான். விற்கும் உரிமையும் அவருடையதுதான். ஆனால் உடைமை என்பது ஒரு சொல் அல்ல, இரண்டு சொற்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்று, பிறரை விலக்கும் உரிமை. அதைப் பத்திரம் கொடுக்கும். இன்னொன்று, அந்தப் பொருளுக்கு ஒன்று நேர்ந்தால் நமக்கும் நேர்கிறதே, அந்த உறவு. அதைப் பேணல்தான் கொடுக்கும். பணம் கொடுத்தவன் பேணாவிட்டால் முதல் உடைமைதான் அவனிடம் இருக்கிறது. பேணுகிறவனிடம் இரண்டாவது இருக்கிறது. அதை விற்கவும் முடியாது. வேலையை விட்டு நீக்குவதால் பறிக்கவும் முடியாது. இந்த இரண்டாவது உடைமையை உலகம் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதே நான் கேட்பது. ஒத்துக்கொண்டால் செய்ய வேண்டிய சிறு காரியங்கள் பல உண்டு. படகை விற்குமுன் அதைக் காத்தவனிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். 'இன்ஜின் இருமும்' என்று அவன் சொன்னால், சிரிக்காமல் எழுதி வைத்துக்கொள்ளலாம். திறப்பு விழாக் கல்லில் பெயர் பொறிக்கிற நாம், ஐம்பது வருஷம் ஒன்றைக் கெடாமல் காத்தவர்களுக்கும் ஒரு கல் வைக்கலாம்.

வருத்தப்படலாமா என்று கேட்டானே, அவனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "தாராளமாகப் படு தம்பி. அந்த வருத்தம் உன்னுடையது. ஆறு வருஷத்தில் நீ சம்பாதித்ததில் பிறர் பணம் கலக்காத பாகம் அது ஒன்றுதான்."

அவன் பதில் பேசவில்லை. அந்த விடுமுறையில் தாயார் வீட்டு ஓட்டுக்கூரையைப் பிரித்து, உடைந்த ஓடுகளை மாற்றி, மழைக்கு ஒழுகாமல் செய்துவிட்டுப் போனான் என்று பிறகு கேள்விப்பட்டேன். இப்போது வேறொரு படகில் இருக்கிறான். அதன் சொந்தக்காரர் யார் என்று நான் கேட்கவில்லை; அவனும் சொல்லவில்லை. கடிதத்தில் "நம்ம போட்" என்றுதான் எழுதியிருக்கிறான்.